மூச்சுப் பட்டை தைப்பது எப்படி

மூச்சை அளக்கும் பட்டை செய்யணும் என்று வருகிற மாணவர்கள், எந்த சென்சார் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஊசியில் நூல் கோக்கத் தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

சென்சாரில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கார்பன் துகள் கலந்த ரப்பர் கயிறு போதும். இழுத்தால் துகள்கள் விலகி மின்தடை ஏறும். 8 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். முனையில் சால்டர் ஒட்டாது, ரப்பர்தான் கருகும்; கிரிம்ப் (நசுக்கிப் பிடிக்கும் உலோக முனை) போட்டு இறுக்குங்கள்.

வேலையே பட்டையில்தான். முழுப் பட்டையையும் எலாஸ்டிக்கில் தைத்தால் சென்சார் பட்டினி கிடக்கும். கணக்கு போட்டுப் பாருங்கள்: மூச்சிழுக்கும்போது மார்புச் சுற்றளவு 1 செ.மீ. கூடுகிறது என்று வையுங்கள். 80 செ.மீ. பட்டை முழுக்க ஒரே மாதிரி நீண்டால், 8 செ.மீ. கயிற்றின் பங்குக்கு வருவது 1 மி.மீ. மட்டுமே. பை வாருக்குப் போடும் நீளாத நாடாவில் மற்றதெல்லாம் தைத்தால், அந்த 1 செ.மீ. மொத்தமும் கயிற்றுக்கே வந்து சேரும்.

கட்டும் இடம், நெஞ்செலும்பு முடியும் உயரம். சிலருக்கு வயிறுதான் அதிகம் அசையும். நெஞ்சில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மூச்சை முழுக்க விட்ட நிலையிலும் கயிறு லேசாக விறைப்பாக இருக்கணும். தொய்ந்தால் திரையில் வரும் மூச்சு அலையின் அடிப்பகுதி தட்டையாகிவிடும்.

சர்க்யூட் சுருக்கம்தான். கயிற்றின் மின்தடையை மல்டிமீட்டரில் பார்த்து, அதே அளவு ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்து, இரண்டும் சேரும் நடுப்புள்ளியை ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையின் அனலாக் பின்னுக்கு (மின்னழுத்தத்தை அளக்கும் முனை) கொடுங்கள். நொடிக்கு 20 அளவீடு தாராளம். ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறைதான் மூச்சு விடுவார். உடம்பில் கட்டும் பொருள், அதனால் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள்.

ரப்பருக்குச் சோம்பல் உண்டு. இழுத்து விட்டதும் பழைய நிலைக்கு உடனே திரும்பாது, அலையின் அடிமட்டம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். கடைசி 10 நொடியின் சராசரியை ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழியுங்கள். மூச்சை எண்ணுவதற்கு ஒரே வரம்பு வைத்தால், சின்ன நடுக்கமும் இரண்டு மூச்சாகப் பதிவாகும். மேல் வரம்பு, கீழ் வரம்பு என இரண்டு வையுங்கள். இரண்டையும் கடந்தால்தான் ஒரு மூச்சு.

இது அளப்பது அசைவை, காற்றை அல்ல. தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே போகாது, ஆனாலும் நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கும். பட்டை அதையும் மூச்சு என்றே எண்ணும். தூக்க ஆய்வகங்களில் மூக்கிலும் தனியாக சென்சார் வைப்பது அதனால்தான். வீட்டில் செய்த பட்டையை நம்பி நோயை முடிவு செய்யாதீர்கள்.

கடைசியில் சரிபார்ப்பு. கட்டியிருப்பவரை ஏதாவது படிக்கச் சொல்லுங்கள், வாய்விட்டு அல்ல. நீங்கள் எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சே மாறிவிடும். அதனால் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, ஒரு முழு நிமிடம் எண்ணிவிட்டு, அதன் பிறகு திரையைப் பாருங்கள்.