சென்னைக் காற்றில் நானோ இழை நூற்பது எப்படி

அசைவை மின்குறிப்பாக மாற்றும் துணிக்கு வேண்டிய, பிவிடிஎஃப் என்னும் பிளாஸ்டிக்காலான நானோ இழையைப் பெருமளவில் தயாரிக்க அம்பத்தூரிலோ திருமுடிவாக்கத்திலோ கூடம் அமைப்பவர்கள், இயந்திரத்துக்கு விலை கேட்கும் முன் அந்தக் கூடத்துக் காற்றின் ஈரப்பதத்தை அளந்து பார்க்க வேண்டும். இந்த இழையை நூற்கும் எலக்ட்ரோஸ்பின்னிங் முறையில், வழக்கமாக ஓர் ஊசி வழியே வரும் பாலிமர் கரைசலைப் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் கூம்பாக இழுக்கிறது. அதன் முனையிலிருந்து பீறிடும் தாரை, கரைப்பான் ஆவியாக ஆவியாக மெலிந்து, சில நூறு நானோமீட்டர் தடிமனுள்ள இழையாகப் படிகிறது. பிவிடிஎஃப் நீரில் கரையாது. அதைக் கரைக்கும் டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பானோ நீருடன் எளிதில் கலக்கும். ஆகவே தாரை காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் பாலிமர் முன்கூட்டியே பிரிந்து உறைந்து, இழையில் நுண்துளைகள் விழுகின்றன.

கத்திரி வெயிலிலும் பிற்பகலில் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையைச் சொல்லவே வேண்டாம். குளிர்சாதனத்தை மட்டும் நம்பாமல், நூற்பு அறையைத் தனியே அடைத்து, ஈரநீக்கி பொருத்துங்கள். பலர் தவறவிடும் இடம் இதுதான்: கரைப்பான் ஆவியை வெளியேற்றும் விசிறி, அதே அளவு வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஆவி கல்லீரலைப் பாதிக்கக்கூடியது, தீப்பற்றவும் கூடியது என்பதால் விசிறியைக் குறைக்கவே கூடாது. உள்ளே வரும் காற்றைத்தான் உலர்த்தி அனுப்ப வேண்டும். இந்தச் செலவைத் திட்ட மதிப்பீட்டில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஓர் ஊசி மணிக்கு ஒரு கிராம் இழை தருவதே அரிது. ஊசிகளைப் பெருக்கினால் மின்னூட்டம் பெற்ற தாரைகள் ஒன்றையொன்று தள்ளும், அடைப்பும் பெருகும். எனவே செக் நாட்டின் லிபரெட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானதைப் போன்ற, கரைசலில் சுழலும் உருளையிலிருந்து நூற்கும் ஊசியில்லா முறையே பேரளவு உற்பத்திக்கு ஏற்றது என்பது என் கருத்து. அதில் கரைசல் திறந்த தொட்டியில் கிடப்பதால் நேரம் செல்லச் செல்லக் கெட்டியாகும். பாகுத்தன்மையை இடைவிடாது கவனித்துச் சரிசெய்யாவிட்டால், காலையில் நூற்ற இழையும் மாலையில் நூற்ற இழையும் ஒரே தடிமனில் இரா.

நானோ இழைப் படலம் தனியே நிற்காது. நெய்யாத் துணியின்மேல் நேரடியாகப் படியவிட்டுச் சுருட்டுங்கள். ஒவ்வொரு சுருளின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்றிடங்களிலும், விளிம்பிலும் மையத்திலும் மாதிரி வெட்டி, மின்னணு நுண்ணோக்கியில் இழையின் தடிமனை அளவிடுங்கள். மணி கோத்ததுபோல் உருண்டைகள் தெரிந்தால், பெரும்பாலும் கரைசல் நீர்த்திருக்கிறது என்று பொருள்.

பிறகு மின்வாய் பொருத்தி, அழுத்தும்போது கிடைக்கும் வோல்ட்டைப் பாருங்கள். உராய்வால் எழும் நிலைமின்சாரமும் அதே போன்ற குறிப்பைத் தரும்; மின்வாய்களைத் திருப்பி இணைக்கும்போது குறிப்பின் திசை திரும்புவதை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதே துண்டைப் பலமுறை துவைத்து, உலர்த்தி, மீண்டும் அளந்த பின்னரே சுருளைத் துணி தயாரிப்புக்கு அனுப்புங்கள்.