வளைவு முடியும் இடத்தில் பின்பக்கம் வழுக்கினால்

ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்ற கார் பந்தய வீடியோ கேமில் என் ரியர் வீல் டிரைவ் கார் (இன்ஜின் சக்தி பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும் வகை), வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் பின்பக்கத்தை வெளியே வீசிக்கொண்டே இருந்தது. லேப் நேரம், அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், கூடுவது இங்கேதான். வளைவில் இழந்த வேகம் அடுத்த நேர்ப்பாதை முழுக்கத் தொடரும்.

முதலில் கை வைத்தது, இன்ஜின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலில். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது அந்தச் சக்கரங்களை எவ்வளவு இறுக்கமாகப் பிணைப்பது என்ற அளவான ஆக்ஸிலரேஷன் லாக் 75% இருந்தது. லாக் அதிகமானால் இரண்டு பின்சக்கரங்களும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றும். பிடி விட்டால் இரண்டும் சேர்ந்தே விடும். ஒவ்வொரு முறையும் 5% குறைத்து 55%-இல் நிறுத்தினேன். ரொம்பக் குறைத்தால் உள்பக்கச் சக்கரம் மட்டும் வீணாகச் சுழலும். டெலிமெட்ரியை (ஓடும்போதே சக்கரம், டயர் நிலவரத்தைக் காட்டும் திரை) திறந்து வைத்து ஓட்டினால் இது கண்ணுக்கே தெரியும்.

மிச்ச வழுக்கலுக்கு, பின்பக்க ஆன்டி-ரோல் பாரை (வளைவில் கார் பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பி) 28-இலிருந்து 22-க்குத் தளர்த்தினேன். முன்பாரைத் தொடவில்லை. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

டயர் அழுத்தத்தை டயர் சூடான பிறகு பாருங்கள், முதல் சுற்றின் எண்ணை நம்ப வேண்டாம்.

இதற்குப் பிறகு வளைவின் நடுவில் முன்பக்கம் வெளியே தள்ளினால், பின்பாரை மட்டும் 2 புள்ளி ஏற்றுங்கள். டிஃபரென்ஷியல் அப்படியே இருக்கட்டும்.