டீசல் புகை வினையூக்கி: பிளாட்டினத் துகள் அளவின் விளைவை ஆய்வகத்தில் அளப்பது எப்படி

டீசல் வண்டியின் புகைக்குழாயில் முதலில் இருக்கும் வினையூக்கி, கார்பன் மோனாக்சைடையும் எரியாமல் வரும் எரிபொருளையும் எரிக்கிறது. கூடவே நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. அடுத்துள்ள வடிகட்டியில் படியும் கரியை 250 முதல் 400 டிகிரி செல்சியஸுக்குள் எரிப்பது இந்த டை ஆக்சைடுதான்.

இந்த வினையூக்கியில் வேலை செய்வது பிளாட்டினத் துகள்கள். துகள் சிறுத்தால் பரப்பு கூடும் என்பது சரி. வேலையும் அதே அளவுக்குக் கூடும் என்பது தவறு. சிறு துகள் ஆக்சிஜனை இறுகப் பிடித்துத் தானே ஆக்சைடாகிவிடுகிறது. அதனால் நைட்ரிக் ஆக்சைடைப் பொறுத்தவரை, பெரிய துகளின் மேற்பரப்பு அணுதான் வேகமானது.

எல்லா மாதிரிகளையும் ஒரே தொகுதியிலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. பிளாட்டினத்தைத் தாங்கும் நுண்துளைப் பொடியான காமா அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) 9.9 கிராம் எடுத்து, ஒரு கிராம் எவ்வளவு நீர் உறிஞ்சுகிறது என்று முதலில் பாருங்கள். மொத்தத்துக்கும் தேவையான அந்த அளவு நீரில் டெட்ராமின் பிளாட்டினம் நைட்ரேட் என்ற பிளாட்டினம் உப்பு 0.2 கிராம் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். இது 1 சதவீதப் பிளாட்டினம் தரும். குளோரோபிளாட்டினிக் அமிலம் மலிவுதான், ஆனால் எஞ்சும் குளோரின் முடிவைக் கெடுக்கும். 120 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, 500 டிகிரியில் 2 மணி நேரம் சுடுங்கள். பிறகு நான்காகப் பிரித்து, ஒன்றை அப்படியே வைத்து, துகள் வளர்வதற்காக மற்றவற்றை 600, 700, 800 டிகிரியில் 10 மணி நேரம் காற்றில் வையுங்கள். காற்று முக்கியம்: நைட்ரஜனில் துகள் இந்த அளவுக்கு வளராது. 800 டிகிரி மாதிரியில் பிளாட்டினம் ஆக்சைடாக ஆவியாகியிருக்கலாம் என்பதால் அதன் உலோக அளவை மறுபடி சோதியுங்கள்.

துகளின் அளவை அறிய, ஹைட்ரஜனில் 400 டிகிரியில் ஒரு மணி நேரம் ஒடுக்கி (ஆக்சிஜனை நீக்கி உலோகமாக்கி), அதே வெப்பத்தில் ஹீலியம் செலுத்தி ஹைட்ரஜனை முழுக்க வெளியேற்றிக் குளிரவிட்டு, கார்பன் மோனாக்சைடு உறிஞ்சுதலைப் பாருங்கள். மேற்பரப்பு அணு ஒவ்வொன்றிலும் ஒரு மூலக்கூறு ஒட்டும் என்று கொண்டால், கிராமுக்கு 0.57 மில்லிலிட்டர் (0 டிகிரி அளவில்) உறிஞ்சும்போது பிளாட்டினம் அணுக்களில் பாதி மேற்பரப்பில் உள்ளன. 1.1ஐ அந்தப் பின்னத்தால் வகுத்தால் விட்டம்: சுமார் 2.2 நானோமீட்டர். செப்பிலிருந்து வரும் எக்ஸ்ரே மாதிரியில் சிதறும் கோணங்களைப் பார்த்தும் துகள் அளவைக் கணிக்கலாம், ஆனால் 39.8, 46.2 டிகிரிக் கோண முகடுகளை நம்பாதீர்கள். அலுமினாவின் முகடுகள் அங்கேயே விழுகின்றன. 81.3 டிகிரியில் உள்ளதைப் பாருங்கள்.

வினைக்கு 100 மில்லிகிராம் மாதிரியைக் குவார்ட்ஸ் மணலுடன் கலந்து, நிமிடத்துக்கு 1 லிட்டர் (25 டிகிரி அளவில்) வாயு விடுங்கள்: நைட்ரிக் ஆக்சைடு 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு), ஆக்சிஜன் 10 சதவீதம், மீதி நைட்ரஜன். உருவாகும் டை ஆக்சைடே வினையைத் தடுப்பதால் உள்வாயுவிலேயே 150 பிபிஎம் டை ஆக்சைடு சேர்த்து, மாற்றத்தை 10 சதவீதத்துக்குள் வையுங்கள். 8 சதவீத மாற்றம் என்றால் விநாடிக்கு 0.027 மைக்ரோமோல். கால்வாசி அணுக்கள் மேற்பரப்பில் இருந்தால் அவை 1.28 மைக்ரோமோல். எனவே ஓர் அணுவுக்கு விநாடிக்கு 0.021 மாற்றம். நான்கு மாதிரிகளுக்கும் இதையும், கிராமுக்கான வேகத்தையும் தனித்தனியே வரையுங்கள். பெரிய துகளில் முதல் எண் ஏறும். மேற்பரப்பு அணுக்கள் குறைவதால் இரண்டாவது எண் ஓர் அளவுக்கு மேல் இறங்கும்.

வெப்பநிலைக்கு எதிராக மாற்றத்தை வரைந்தால், சூடேற்றும்போது வரும் வளைகோடும் குளிரும்போது வருவதும் பொருந்தாது. டை ஆக்சைடு பிளாட்டினத்தை ஆக்சைடாக்கிவிடுவதே காரணம். ஆகவே 300 டிகிரியில் நிறுத்தி, அளவு நிலைத்த பிறகே குறியுங்கள். மேலும் சூடாக்கினால் வேகத்துக்குப் பதில் வேதிச் சமநிலையைத்தான் அளப்பீர்கள். வெறும் மணலுடன் ஒரு வெற்றுச் சோதனையும் கட்டாயம்: குழாயிலேயே நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனுடன் மெதுவாக வினைபுரியும். எனவே ஆக்சிஜனை உலைக்குச் சற்று முன்பு கலக்குங்கள். டை ஆக்சைடு நச்சு வாயு; வெளியேறும் வாயு புகைக்கூண்டுக்குள்தான் போக வேண்டும்.