உப்புத்தண்ணி ஏறுற இடத்துல வளர்ற புல்லு: கண்டுபிடிக்கறது எப்படி, சோதிக்கறது எப்படி

பந்திங்ல இருந்து மோரிப் கடற்கரைக்குப் போனா சாப்பிட்டோமா, பிள்ளைங்கள ஓடவிட்டோமான்னு திரும்பிடுறோம், கரையோரம் பண்டு (கடல் தண்ணி உள்ள வராம போட்ட மண் கரை) ஓரம் நிக்குற புல்ல யாரு பாக்குறா. அதோட வேலை என்னன்னு ஒரு குச்சி, ரூலர், ரெண்டு மூணு பாலிபேக் (நாத்து வளக்குற பிளாஸ்டிக் பை) இருந்தா நீங்களே பாத்துடலாம்.

1. நேரம்
நம்ம மலேசியா மேற்குக் கரையில தண்ணி நாளைக்கு ரெண்டு தடவ ஏறும், ரெண்டு தடவ வத்தும். அமாவாசை பௌர்ணமி ஒட்டி கிள்ளான் பக்கம் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் சுமார் 4 மீட்டர் வித்தியாசம், அதனால டைட் டேபிள் (தண்ணி ஏறி வத்துற நேர அட்டவணை) பாக்காம சேத்துல இறங்காதீங்க. வத்தும்போது போங்க, ஏற ஆரம்பிச்சா கிளம்பிடுங்க. தோட்டத்துல போடுற ரப்பர் பூட்ஸே போதும், தனியா மட்டும் வேணாம். முதலை போர்டு இருந்தா வேற இடம் பாருங்க.

2. எந்தப் புல்லு
முதல்ல தேட வேண்டியது பாஸ்பாலம் வாஜினாட்டம். தரையோட கொடியா ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும், பூக்காம்பு உச்சியில ரெண்டே கிளை, உண்டிவில் கவை மாதிரி பிரிஞ்சு நிக்கும். இங்கதான் நிறைய பேரு ஏமாறுறது, ஏன்னா செம்பனைக்கு நடுவுல முளைக்குற பாஸ்பாலம் கான்ஜுகாட்டமுக்கும் ரெண்டு கிளைதான், ஆனா அது ரெண்டு பக்கமும் படுத்த மாதிரி விரிஞ்சிடும், கிட்ட வச்சு பாத்தா அதோட குட்டி விதையச் சுத்தி மெல்லிசா முடி இருக்கும். கவையா நிமிர்ந்து நின்னு, விதை வழுவழுன்னு இருந்தா நம்ம ஆளு.

மணல் கலந்த இடத்துல இன்னொன்னு கிடைக்கலாம், ஸ்போரோபோலஸ் விர்ஜினிகஸ். இலை விறைப்பா, நுனி குத்தும், கதிர் ஒத்தையா ஒல்லியா இருக்கும். ஒவ்வொண்ணுலயும் வேரோட ஒரு துண்டு போதும், பொதர அப்படியே பிடுங்காதீங்க.

3. குச்சி நடுறது
புல்லு இருக்குற இடத்துல ஒரு மூங்கில் குச்சி, பக்கத்துலயே வெறும் சேத்துல ஒண்ணு, ரெண்டையும் ஆழமா இறக்குங்க. சேத்துல இருந்து குச்சி தலை வரைக்கும் எவ்வளவுன்னு மாசத்துக்கு ஒரு தடவ அளங்க. குச்சி அடியிலயே அளக்கக் கூடாது, அலை அங்க சுழிச்சு குழி பண்ணிடும், ஒரு சாண் தள்ளி அளங்க. அளவு குறைஞ்சா சேறு சேந்திருக்கு, கூடினா அரிச்சிருக்குன்னு அர்த்தம். புல்லுத் தண்டு தண்ணி வேகத்த உடைக்கும், வேகம் குறைஞ்சா தண்ணி தூக்கிட்டு வந்த வண்டல் அங்கயே படியும், வேரு அத இறுக்கிப் பிடிச்சுக்கும், பண்டுக்கு முன்னாடி இப்படி ஒரு பட்டை இருந்தா அலையோட அடி கொஞ்சம் தணியும். அங்கயே நண்டு வளைகளயும் எண்ணி வைங்க, ரெண்டு இடத்துலயும், எங்க அதிகம்னு ஒப்பிட்டுப் பாக்கலாம்.

இதப் படிச்சுட்டு வெளிநாட்டுப் புல்ல வரவழைச்சு நடலாம்னு யாருக்காவது தோணுனா, வேணாம். ஸ்பார்டினா ஆல்டெர்னிஃப்ளோரான்னு ஒரு புல்லு, அமெரிக்கா கண்டத்தோட அட்லாண்டிக் கரைதான் அதுக்கு சொந்த ஊரு, அங்க அது கரையையே தாங்கி நிக்குது, நண்டு நத்தை மீன்குஞ்செல்லாம் அத நம்பி இருக்கு. 1979ல மண்ணரிப்பு தடுக்க சீனாவுக்குக் கொண்டு போனாங்க, அது பறவைங்க இரை தேடுற வெறும் சேத்துப் பரப்பெல்லாம் மூடி, இப்ப ஒழிக்கறதுக்கு அரசாங்கமே செலவு பண்ணுது. நம்ம கரைக்கு பக்கா, அப்பி அப்பிங்குற சதுப்புநில மரங்கதான் பெரிய காவல், இந்தப் புல்லெல்லாம் அதுங்க நிழல் விழாத ஓரத்துல நிக்குற சின்ன ஆளுங்க.

4. பாலிபேக் சோதனை
எனக்குப் பிடிச்சது இதுதான். ரெண்டு புல்லயும் ஆளுக்கு ஒரு பாலிபேக்ல வைங்க, கூடவே வாசல்ல இருக்குற கவ் கிராஸ் ஒண்ணு. வேர் பிடிக்கற வரைக்கும் நல்ல தண்ணி. அப்புறம் ஒரு லிட்டருக்கு 10 கிராம் உப்பு, அடுத்த வாரம் 20, அதுக்கடுத்து 35, அது கிட்டத்தட்ட கடல் தண்ணி அளவு. மழை படாத இடம், ஆனா வெயில் வேணும். மண்ணுல மட்டும் ஊத்துங்க, இலை நனையவே கூடாது.

கவ் கிராஸ் நுனில இருந்து பழுப்பா கருகிட்டு வரும். ஸ்போரோபோலஸ் இலைய வெயில்ல லென்ஸ் வச்சு பாருங்க, வெள்ளையா பொடிப்பொடியா உப்பு. இலையில நீங்க ஒரு சொட்டும் ஊத்தல, அது உள்ள இருந்து சுரப்பி வழியா தள்ளினது! பாஸ்பாலத்துல இந்த அளவுக்கு உப்பு தெரியலன்னா கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, அது உப்ப சமாளிக்கற விதம் வேற.

அடியில வடியற தண்ணிய ஒரு வாளியில பிடிச்சுக்கோங்க, கறிவேப்பிலை பக்கம் மட்டும் ஊத்திடாதீங்க.