தக்காளியின் வைரஸ் எதிர்ப்பு பல பட்டங்களுக்கு நிலைக்க என்ன செய்ய வேண்டும்

ஆந்திர-தமிழக எல்லையில் உள்ள குப்பம், பலமநேர், வேப்பனப்பள்ளி சுற்றுவட்டாரத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு வயலில் தக்காளி நின்றுகொண்டே இருக்கிறது. மதனப்பள்ளி, ராயக்கோட்டை மண்டிகளை நம்பிப் பட்டம் (பயிரிடும் பருவம்) பார்க்காமல் நடுகிறோம். அதனால் இலைச்சுருள் வைரஸுக்கும் அதைச் சுமக்கும் வெள்ளை ஈக்கும் ஒரு நாள்கூட ஓய்வு கிடைப்பதில்லை. எதிர்ப்புள்ள வீரிய ரகம் வாங்கிவிட்டால் கவலையில்லை என்று இருந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு என்பேன்.

எதிர்ப்பு எப்படி உடைகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வைரஸ் பெருகும்போது அதன் மரபுப்பொருளில் சிறு பிழைகள் நேர்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்று செடியின் எதிர்ப்பு மரபணுவின் கண்ணில் படாமல் தப்ப உதவினால், அந்த வகையே பெருகிப் பரவும். தக்காளிப் புள்ளி வாடல் வைரஸைத் தடுக்கும் எஸ்டபிள்யூ-5 மரபணுவை, வைரஸின் ஒரே புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் உருவான வகைகள் வென்றிருக்கின்றன. மொசைக் வைரஸ்களைப் பல பத்தாண்டுகள் தடுத்து நின்ற டிஎம்-2² மரபணுவையும், 2014இல் இஸ்ரேலிலும் 2015இல் ஜோர்டானிலும் தென்பட்ட பழுப்புச் சுருக்கப் பழ வைரஸ் மீறிவிட்டது. இலைச்சுருள் நோய்க்கான டிஒய்-1 மரபணு வைரஸை முழுதாக அழிப்பதில்லை, பெருக்கத்தை மட்டுமே அடக்குகிறது. ஆகவே நோய்க்குறி தெரியாத பசுமையான செடிக்குள்ளும் வைரஸ் இருக்கலாம். அதே செடியில் வெள்ளரி மொசைக் வைரஸும் சேர்ந்தால் அந்த அடக்கமும் தளர்ந்துவிடும்.

எனவே விதை வாங்கும்போது, ரகம் எந்த வைரஸுக்கு எதிர்ப்புள்ளது என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக் இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும் ரகம். இலைப்பேன் பரப்பும் மொட்டுக் கருகல் வைரஸுக்கு அதை நம்பி இருக்க முடியாது.

நாற்றங்காலில்தான் பாதிப் போர் முடிகிறது. குழித்தட்டுகளை 40 முதல் 50 மெஷ் (அங்குலத்துக்கு அத்தனை கண்கள் கொண்ட) நைலான் வலைக்குள் வைத்து, கதவை இரட்டையாக அமைத்து, உள்ளே மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். வெளியிலிருந்து நாற்று வாங்குபவர்கள் ஏற்றும் முன் தட்டின் மேல் கையை மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். வெண்பொடி எழுந்ததுபோல் ஈக்கள் கிளம்பினால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தத் தட்டுகளை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வயலைச் சுற்றி வெள்ளை ஈக்களைத் தடுக்கும் வேலியாக இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் விதையுங்கள். நட்டபின் காலையில், ஈக்கள் சோம்பியிருக்கும் நேரத்தில், கொழுந்தை அடுத்த இலைகளைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஓரம் மஞ்சளாகி மேல்நோக்கிச் சுருண்டு, குத்துக்குத்தாய்க் குறுகிய செடி தென்பட்டால், அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து வாயைச் சுற்றிப் பிடித்த பிறகே வேரோடு பிடுங்குங்கள். வெறுங்கையால் பிடுங்கினால் அதிலிருந்த ஈக்கள் பக்கத்துச் செடிக்குப் போய்விடும். பிடுங்கியதை வரப்பில் போடாமல் புதைத்துவிடுங்கள். ஒரே மருந்தை வாரம்தோறும் அடிப்பது ஈக்கு மருந்தைப் பழக்கிவிடும். செயல்படும் விதம் வேறான மருந்துகளை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் வற்புறுத்துவது இடைவெளியைத்தான். கடைசிப் பறிப்பு முடிந்ததும் கொடியைக் காயவிடாமல் உடனே அகற்றி, பக்கத்து வயல்காரர்களுடன் பேசி, தக்காளியும் மிளகாயும் இல்லாத சில வாரங்களை ஊரே சேர்ந்து கடைப்பிடித்தால், வைரஸின் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் புதிய பிழைகளுக்கான வாய்ப்பும் குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் எதிர்ப்பு ரகத்தில் நோய் பரவினால் எதிர்ப்பு உடைந்துவிட்டதென்று உடனே முடிவுகட்ட வேண்டாம். இளம் நாற்றில் ஏராளமான ஈக்கள் ஏறினாலும், விதையில் கலப்பு இருந்தாலும் அதே தோற்றம் வரலாம். நூறு செடிகளை எண்ணி எத்தனையில் நோய் என்று குறித்து, நோயுற்ற கொழுந்துகளை உறையிலிட்டு, ரகத்தின் பெயர், விதைப் பொட்டலத்தின் லாட் எண், நட்ட தேதி ஆகியவற்றுடன் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் அன்றே ஒப்படையுங்கள்.