கில்பெக் போறீங்களா? சர்ச்சுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி வெளிய ஒரு சுத்து வாங்க

இங்கிலாந்துல பழைய சர்ச் பாக்கணும்னா எல்லாரும் கேன்டர்பரி, யார்க்னு பெரிய கதீட்ரலுக்குத்தான் ஓடுறாங்க, என்னைக் கேட்டா ஒரு நாள் ஒதுக்கி ஹெரஃபோர்ட்ஷயர்ல இருக்கிற கில்பெக் போயிட்டு வாங்க. வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்துல கொஞ்சம் வீடு, ஒரு பப், சுத்தி ஆடு மேயுற வயல், அவ்ளோதான் ஊரு. ஆனா அங்க இருக்கிற சர்ச் 1140 வாக்குல கட்டினது, அந்தக் காலத்துச் சிற்பம் இவ்ளோ முழுசா நிக்கிற இடம் அந்த நாட்டுலயே ரொம்ப கம்மி.

லண்டன் பேடிங்டன்லருந்து ஹெரஃபோர்டுக்கு ட்ரெயின்ல சுமார் மூணு மணி நேரம். அங்கருந்து அபர்கவெனி போற ஏ465 ரோட்ல ஒரு 9 மைல். கார் இருந்தா நல்லது, இல்லன்னா டாக்ஸி, பஸ்ஸை நம்பிப் போறவங்க திரும்பி வர்ற டைமையும் சேத்துப் பாத்து வச்சுக்கங்க. மெயின் ரோட்ட விட்டு இறங்கினதும் ரோடு ரொம்பக் குறுகல், எதிர்ல டிராக்டர் வந்தா யார் பக்கம் ஒதுங்க இடம் கிட்டக்க இருக்கோ அவங்க ரிவர்ஸ் எடுக்கணும்.

போனதும் நேரா கதவத் திறக்காதீங்க. இந்த சர்ச்சோட விசேஷமே வெளியதான். தெற்கு வாசல் முன்னாடி நின்னு பொறுமையா பாருங்க, கதவுக்கு மேல அரைவட்டக் கல்லுல திராட்சைக் கொடி மாதிரி ஒரு மரம், இடது பக்கத் தூண்ல கொடிக்கு நடுவுல சிக்கின மாதிரி ரெண்டு போர்வீரங்க, வலது பக்கத் தூண் உச்சியில வாய்லருந்து இலை தழை கக்குற ஒரு மூஞ்சி. கெட்டியான சிவப்பு மணற்கல், அதான் இத்தனை நூற்றாண்டு மழைக்கும் மூக்கு முழி மழுங்காம இருக்கு. அப்புறம் பிரதட்சணம் வர்ற மாதிரி கட்டடத்தைச் சுத்தி வாங்க, தலையை மட்டும் மேல தூக்கிக்கங்க, கூரைக்குக் கீழ வரிசையா கல்லுத் தலைங்க நீட்டிட்டு இருக்கும். மொத்தம் 91 இருந்துச்சாம், இப்ப 85 இருக்கு. நாயும் முயலும் ஒட்டி உக்காந்திருக்கிறது இருக்கே, அது நேத்து வரைஞ்ச கார்ட்டூன் மாதிரியே இருக்கும், தேடிப் பிடிங்க. ஷீலா நா கிக்னு ஒரு நிர்வாணப் பெண் சிற்பமும் உண்டு, ஒளிவு மறைவே இல்லாம காட்டிட்டு நிக்கும், சர்ச்ல இது எதுக்குன்னு அறிஞர்களே இன்னும் அடிச்சுக்கிறாங்க, குழந்தைங்களோட போறவங்க பதிலை ரெடி பண்ணிக்கங்க. ஒரு சின்ன பைனாகுலர் இருந்தா ரொம்ப உதவும்.

வெயில் இருக்கிற நாளாப் பாத்துப் போங்க, காலைல கிழக்குப் பக்கம் வளைஞ்ச சுவர், மத்தியானம் தெற்கு வாசல்னு வெளிச்சம் விழும், மேகம் மூடிட்டா போட்டோல எல்லாம் தட்டையாத்தான் தெரியும்.

உள்ள சின்ன இடம்தான், பலிபீடத்துக்கு முன்னாடி இருக்கிற வளைவுல ஒரு பக்கத்துக்கு மூணு மூணா கல்லுல செதுக்கின மனுஷங்க நிக்கிறாங்க, அதை விட்டுடாதீங்க. இது இன்னமும் ஆராதனை நடக்கிற சர்ச்ங்க, மியூசியம் இல்ல, ஆராதனையோ கல்யாணமோ நடந்துட்டு இருந்தா முடியுற வரைக்கும் வெளியவே இருங்க. வரும்போது கதவைச் சாத்திட்டு வாங்க, பறவை உள்ள போயிடும். டிக்கெட் கிடையாது, அதுக்காக உண்டியலைப் பாக்காத மாதிரி நழுவாதீங்க, இந்த மாதிரி சர்ச்சுக்குக் கூரை ஒழுகினா ஊர்க்காரங்கதான் காசு தேத்தணும்.

மேற்குப் பக்கம் ஒரு மண் மேடு, மேல உடைஞ்ச சுவர் ரெண்டு துண்டு, அது பழைய கோட்டை. ஏறலாம், புல்லு ஈரமா இருக்கும், நல்ல ஷூ போடுங்க, எந்த கேட்டைத் திறந்தாலும் மூடிடுங்க.

டைம் மிச்சம் இருந்தா 1147ல ஆரம்பிச்ச ஆபி டோர்ங்கிற பழைய துறவி மடத்து சர்ச்சும் கார்ல கிட்டக்கதான். சாப்பாட்டுக்கு மட்டும் முதல்லயே போன் பண்ணிக் கேட்டுக்கங்க, கிராமத்து பப்ல எல்லா நேரமும் கிச்சன் ஓடாது.