சிவனொளிபாதமலைக்கு ஒரு காய்ந்த பெனியன்

இரவில் சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள் காய்ந்த பெனியனோ சட்டையோ ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். உச்சிக்குப் போனதும் நனைந்ததைக் கழற்றிவிட்டு அதை மாற்றுங்கள்.

மட்டக்களப்பு வெக்கையில் பழகிய உடம்புக்கு 2243 மீற்றர் உயரத்துக் குளிரே அதிகம். 1000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ் குறையும். வியர்வையில் ஊறிய பருத்தித் துணியில் காற்றும் அடித்தால், சூரியன் எழும்பும்வரை நடுக்கம்தான். உள்ளே ஈரத்தோடு மேலே எத்தனை தடித்த ஜக்கெட் போட்டாலும் சரிவராது. காய்ந்த பெனியன் இருந்தால் அவசரத்துக்குக் கம்பளி வாங்கும் காசும் மிச்சம்.

பகலில் ஏறி உடனே இறங்குகிறவர்களுக்கு இது தேவையில்லை. மழை பெய்தால் மழைக்கோட்டும் வேண்டும். மட்டக்களப்பு வெக்கையிலேயே இருக்கும் நம்மூர்க் குடும்பிமலைக்கு என்றால் பெனியனை விடுங்கள், தண்ணீர்ப் போத்தலைக் கூட்டி எடுங்கள்.